அச்செழுத்து பேசக் கற்ற கதை

1918-ல் லண்டனில் நடந்த ஒரு கண்காட்சியில், பார்வையற்ற பெண்ணான மேரி ஜேம்சன் அச்சிட்ட பக்கம் ஒன்றைக் காதால் வாசித்துக் காட்டினார். நிமிடத்துக்கு ஏறத்தாழ ஒரு சொல்தான் நகர்ந்தது. ஆனாலும் அவர் வாசித்தது பிரெயில் அல்ல. பார்வையுள்ளவர்கள் படிக்கும் அதே அச்சுத்தாள்.

அந்தக் கருவியின் பெயர் ஆப்டோஃபோன். பர்மிங்காம் பல்கலைக்கழக இயற்பியலாளர் ஃபூர்னியே டால்ப் 1913-ல் அதை உருவாக்கினார். செலினியத்தின் மீது ஒளி பட்டால் அதன் மின்தடை மாறும். அந்தப் பண்பைக் கொண்டு எழுத்தின் வடிவம் பல சுருதிகளாக மாற்றப்பட்டது. எந்த ஒலிக்கு எந்த எழுத்து என்று கண்டுபிடிக்கும் பொறுப்பு முழுவதும் வாசிப்பவருடையது. விடாது பழகிய ஜேம்சன் பிற்காலத்தில் நிமிடத்துக்கு 60 சொற்கள் வரை எட்டினார். மற்றவர்களுக்கு அந்தப் பயிற்சி மலைப்பாக இருந்ததால் கருவி பரவவில்லை.

அந்தப் பொறுப்பை எந்திரத்தின் தலையில் ஏற்றியவர் அமெரிக்கரான ரே கர்ஸ்வைல். எந்த அச்சு வடிவத்தையும் அடையாளம் காணும் மென்பொருளை அவரது நிறுவனம் 1970-களில் உருவாக்கியது. அதை எதற்குப் பயன்படுத்தலாம் என்ற யோசனையில் இருந்தவருக்கு, விமானத்தில் பக்கத்து இருக்கையில் இருந்த பார்வையற்ற பயணி வழிகாட்டினார். அச்சிட்டதைப் படிக்க முடியாததே தமக்குள்ள தடை என்றார் அவர். தாளைப் படமெடுக்கும் ஸ்கேனர், எழுத்தைப் பேச்சாக்கும் பொறி இரண்டையும் கர்ஸ்வைல் குழுவே செய்ய வேண்டியிருந்தது. அமெரிக்கத் தேசியப் பார்வையற்றோர் கூட்டமைப்பு துணை நின்றது. 1976 ஜனவரி 13 அன்று வாசிப்பு எந்திரம் அறிமுகமானது. துணி துவைக்கும் எந்திரம் அளவுக்குப் பெரிய அதைத் தொடக்கத்திலேயே வாங்கியவர் பாடகர் ஸ்டீவி வொண்டர்.

2006-ல் அந்த எந்திரம் கைக்குள் அடங்கியது. பிறகு கைபேசிக்குள் நுழைந்தது.

செயற்கை நுண்ணறிவு வந்ததும் எழுத்தோடு நிற்காமல் காட்சியையும் கருவி சொல்லத் தொடங்கியது. மைக்ரோசாஃப்டின் 'சீயிங் ஏஐ' செயலி 2017-ல் வெளியானது. அதன் பின்னால் இருந்த சாகிப் ஷேக், ஏழு வயதில் பார்வை இழந்த மென்பொருள் பொறியாளர். டென்மார்க்கில் பிறந்த 'பி மை ஐஸ்' 2015 முதல் தன்னார்வலர்களின் கண்களைக் காணொளி அழைப்பில் இரவல் தந்து வந்தது. 2023-ல் படத்தை விவரித்துத் தொடர் கேள்விகளுக்கும் பதில் சொல்லும் வசதியைச் சேர்த்தது. இந்தக் கருவிகள் சில சமயம் இல்லாததையும் இருப்பதாகச் சொல்லிவிடும். மாத்திரை அட்டையின் காலாவதித் தேதியை அவற்றை மட்டும் நம்பி முடிவு செய்யக் கூடாது.

தமிழுக்கும் இந்த வரலாற்றில் இடமுண்டு. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் ஏ.ஜி. ராமகிருஷ்ணன் குழு அச்சுத் தமிழை அடையாளம் காணும் மென்பொருளை உருவாக்கியது. சென்னை ஐஐடியில் ஹேமா மூர்த்தி குழு தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளுக்குப் பேச்சொலி மென்பொருள்களை உருவாக்கியது. ஆனால் மங்கிய பழைய அச்சில் புள்ளி ஒன்று மறைந்தாலே சொல் மாறிவிடும், எந்திரமும் தடுமாறும்.

பார்வையற்றோர் படிக்கத்தக்க வடிவில் நூல்களை மாற்றித் தர 2012-ல் திருத்தப்பட்ட இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் அனுமதிக்கிறது. இதற்கான மராகேஷ் உடன்படிக்கைக்கு 2014-ல் முதலில் ஒப்புதல் அளித்த நாடும் இந்தியாதான். தமிழ்ப் பதிப்பாளர்கள் புதிய நூல்களை அச்சுக்கு அனுப்பும்போதே, திரைவாசிப்பான் படிக்கக்கூடிய யூனிகோட் கோப்பையும் வெளியிட வேண்டும். கணினியில் ஏற்கெனவே தட்டச்சாகிவிட்ட எழுத்தைப் படமாக்கி மறுபடி எந்திரத்தை ஊகிக்க விடுவதற்கு எந்த நியாயமும் இல்லை.