முதலில் விழிப்பது யார்?

கணினிகளின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் வேகத்தையும் விலையையுமே கணக்கிடுகின்றனர். மின்சாரம் பாய்ந்ததும் கருவியின் எந்தப் பகுதி முதலில் கண்விழிக்கிறது என்று கேட்பவர் குறைவு. ராஸ்பெர்ரி பை என்னும் சிறு பலகையின் கதையை இக்கேள்வியிலிருந்து தொடங்கினால், அதன் பிறப்பும் அதன்மீது எழுந்த சர்ச்சையும் ஒருசேர விளங்கும்.

1981இல் கேம்பிரிட்ஜின் ஏகார்ன் நிறுவனம் பிபிசி மைக்ரோ கணினியை வெளியிட்டது. அதன் இயங்குதளமும் பேசிக் மொழியும் நிலை நினைவகச் சில்லுகளில் பதிந்திருந்தன. விசையைத் தட்டியதும் பேசிக், ஆணைக்குக் காத்து நிற்கும். பள்ளிச் சிறார் தட்டும் முதல் வரியே நிரலாகிவிடும். பின்வந்த கணினிகளில் இந்த வாசல் மறைந்தது. 1990களுக்குப் பின் கேம்பிரிட்ஜில் கணினியியல் பயில விண்ணப்பிப்போர் குறைந்ததையும், வருவோரின் நிரல் அனுபவம் தேய்ந்ததையும் கண்ட எபன் அப்டனும் நண்பர்களும் 2009இல் ராஸ்பெர்ரி பை அறக்கட்டளையை நிறுவினர். தம் பலகைகளுக்கு 'ஏ', 'பி' என்று பெயரிட்டது பிபிசி மைக்ரோவுக்குச் செய்த மரியாதை.

ஆனால் மலிவான பலகைக்குச் சில்லு எங்கிருந்து வரும்? அப்டன் பணியாற்றிய பிராட்காம் நிறுவனத்தின் பிசிஎம்2835 கைகொடுத்தது. அதன் உயிர்நாடி வீடியோகோர். கேம்பிரிட்ஜின் ஆல்ஃபாமொசைக் நிறுவனம் கைக்கருவிகளில் படம் ஓட்டுவதற்கென்றே வீடியோகோரை உருவாக்கியது; 2004இல் பிராட்காம் அந்நிறுவனத்தை வாங்கியது. 2005இல் வெளிவந்த காணொளி ஐபாடுக்குள்ளும் வீடியோகோர் சில்லு ஒன்று இருந்தது. பிசிஎம்2835இல் அதன் பக்கத்தில் 700 மெகாஹெர்ட்ஸ் ஆர்ம் செயலியும் இடம்பெற்றது. ஆர்ம் கட்டமைப்போ 1980களில் ஏகார்னிலேயே பிறந்தது.

2012 பிப்ரவரி 29 அன்று 'பி' பலகை 35 டாலருக்கு விற்பனைக்கு வந்தது. அதில் செயலியைத் தேடினால் கண்ணில் படாது. 256 மெகாபைட் நினைவகச் சில்லு அதன் தலைமேல் அமர்ந்திருந்தது.

மின்சாரம் வந்ததும் ஆர்ம் செயலி உறங்கிக்கொண்டேயிருக்கும். விழிப்பது வீடியோகோர். சில்லுக்குள் பதிந்த சிறு நிரல், எஸ்டி அட்டையிலிருந்து 'பூட்கோட்.பின்' கோப்பைத் தன் இடைமாற்று நினைவகத்துக்குள் எடுக்கும். அக்கோப்பு பிரதான நினைவகத்தை எழுப்பும். அடுத்து வரும் 'ஸ்டார்ட்.எல்ஃப்', அமைப்புக் கோப்பைப் படித்து, நினைவகத்தைப் பங்கிட்டு, திரையில் வானவில் சதுரம் ஒன்றைக் காட்டி, லினக்ஸ் கருவை ஏற்றும். அதன் பிறகே ஆர்ம் விடுவிக்கப்படும். அட்டை இல்லையேல் திரையில் எதுவும் தோன்றாது. ஏகார்னின் வாரிசு கடைசியில் எழுகிறது. படம் ஓட்டப் பிறந்த சில்லு கதவைத் திறந்துவிடுகிறது.

இவ்வரிசை வெறும் தொழில்நுட்ப நுணுக்கமன்று. அக்கோப்புகளின் மூலநிரல் வெளியிடப்படவில்லை. திறந்து பார்த்துக் கற்க வேண்டிய பலகையின் முதல் நொடிகள் பூட்டப்பட்டிருந்தன. 2012இல் எம்பெக்-2 படங்களுக்கான உரிமச்சாவி 2.40 பவுண்டுக்கு விற்கப்பட்டது. பலகையின் வரிசை எண்ணோடு பிணைந்த அச்சாவியை அமைப்புக் கோப்பில் எழுத வேண்டும்; துவக்கத்தில் வீடியோகோர் சரிபார்த்த பின்னரே சில்லின் அத்திறன் திறக்கும்.

2012 அக்டோபரில் ஆர்ம் பக்கத்து வரைகலை மூலநிரல் வெளியானபோது, உண்மை வேலை மறுபக்கத்தில் நடக்கிறதே என்று கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்கள் கேட்டனர், நியாயமான கேள்விதான். 2014 பிப்ரவரியில் பிராட்காம் முப்பரிமாண வரைகலைப் பகுதியின் ஆவணங்களை வெளியிட்டது. துவக்க நிரலோ மூடியே இருந்தது. 2019இல் வந்த நான்காம் பலகையில் துவக்க நிரல் அட்டையிலிருந்து பலகையின் தனிச் சில்லுக்குப் பெயர்ந்தது; முதலில் விழிப்பது மட்டும் வீடியோகோர்தான்.

இதனால் அறக்கட்டளையின் நோக்கம் பொய்த்தது என்று நாம் சொல்ல மாட்டோம். ஊடகக் கருவிகளுக்கென உருவான சில்லு கிடைத்ததால்தான் 35 டாலர் விலை கைகூடியது. அதே பிறப்பிலிருந்துதான் அந்தப் பூட்டும் வந்தது. சிறாருக்கு இப்பலகையைக் கற்பிக்கும் ஆசிரியர்கள், வானவில் சதுரம் தோன்றும் அந்தக் கணத்தையும் பாடமாக்கலாம். தம் கையிலுள்ள கருவியில் எந்த இடத்திலிருந்து தம் ஆணை செல்லும் என்பதை மாணவர்கள் அறிவது நல்லது.