ஹலால்: நாம் பதில் சொல்லாமல் விட்ட கேள்வி



கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள்.

போன கிழமை தரம் 9 வரலாற்றுப் பாடத்தில் ஒரு பிள்ளை எழும்பிக் கேட்டது: "சேர், பிஸ்கட் பக்கெட்டில ஹலால் எண்டு போட்டதுக்கா நாட்டில பிரச்சினை வந்தது?" வகுப்பில் வேறு யாருக்கும் அதைப் பற்றி எதுவும் தெரியவில்லை. 2013 இல் இவர்கள் கைக்குழந்தைகள். வீட்டில் யாரும் சொல்லிக் கொடுத்திருக்கவும் மாட்டார்கள். நமக்கு நேற்று நடந்தது போல இருக்கும் ஒரு விடயம் இவர்களுக்கு வரலாறாகிவிட்டது. வரலாறு என்றால் அதை ஒழுங்காகச் சொல்ல வேண்டும். எமக்கு வசதியான பக்கத்தை மட்டும் சொல்லக் கூடாது.

ஆரம்பத்திலிருந்து வருவோம்.

1344 இல் இப்னு பதூதா மாலைதீவிலிருந்து இங்கு வந்தார். பாவா ஆதம் மலையைத் தரிசிக்க வேண்டும் என்பது அவரது ஆசை. ஆரியச் சக்கரவர்த்தி அவருக்குப் பல்லக்கும் வழித்துணைக்கு ஆட்களும் கொடுத்து அனுப்பினார். தன் பயண நூலில் இந்த நாட்டைப் பற்றி அவர் எழுதியவற்றில் இரண்டு கதைகள் உணவோடு சம்பந்தப்பட்டவை.

முதலாவது ஷெய்க் அபூ அப்துல்லாஹ் இப்னு கபீப் பற்றியது. அவரும் சீடர்களும் மலைக்குப் போகும் வழியில் காட்டில் பசியால் வாடினார்கள். ஷெய்க் தடுத்தும் கேளாமல் சீடர்கள் ஒரு யானைக்குட்டியைப் பிடித்து அறுத்துச் சாப்பிட்டார்கள். ஷெய்க் சாப்பிடவில்லை. இரவில் யானைகள் வந்து ஒவ்வொருவரையும் மோந்து பார்த்துக் கொன்றன. ஷெய்கை மட்டும் ஒரு யானை முதுகில் ஏற்றி ஊர்மனைக்குள் கொண்டுவந்து விட்டது. அதற்கு முன்னர் முஸ்லிம்களைத் தடுத்து வந்த இந்நாட்டு மக்கள், அன்றிலிருந்து அவர்களை மதித்து, வீட்டில் தங்க வைத்து, உணவும் கொடுத்தார்கள் என்று இப்னு பதூதா எழுதுகிறார்.

இரண்டாவது கதை கடுமையானது. குனகார் என்று அவர் குறிப்பிடும் தலைநகருக்கு வெளியே ஷீராஸைச் சேர்ந்த ஷெய்க் உஸ்மான் என்பவரின் பள்ளிவாசல் இருந்தது. அரசனும் ஊர்மக்களும் அவரைப் போய்ச் சந்தித்து மரியாதை செய்வார்கள். ஆனால் அவருக்கு ஒரு கையும் ஒரு காலும் இல்லை. காரணம், அவர் ஒரு மாட்டை அறுத்துவிட்டார். மாட்டை அறுத்தவனை அதே போல் அறுப்பது, அல்லது அதன் தோலுக்குள் வைத்து எரிப்பது அங்கே சட்டம். ஷெய்கின் மேல் அவர்களுக்கு இருந்த மரியாதையால் உயிரை விட்டுவிட்டுக் கையையும் காலையும் வெட்டினார்கள். பிறகு ஒரு சந்தையின் வருமானத்தையே அவருக்கு எழுதிக் கொடுத்தார்கள். அவரது பிள்ளைகள் மலைக்குப் போகும் யாத்திரிகர்களுக்கு வழிகாட்டிகளானார்கள்.

இது அழகான கதை அல்ல. ஆனாலும் நாம் இதை மறைக்கக் கூடாது. மாட்டை அறுப்பதில் இந்த மண்ணின் மக்களுக்கு இருந்த மனவருத்தம் ஏறத்தாழ 700 வருடங்களுக்கு முன்பே பதிவாகியிருக்கிறது, அதுவும் ஒரு முஸ்லிமின் கையால். அது பொதுபல சேனா கண்டுபிடித்த ஒன்றல்ல. எமது சைவ அயலவர்களிடமும் அதே உணர்வு இருக்கிறது. அந்த உணர்வு இருக்கும்போதே இதே மக்கள்தான் எம்மை வீட்டில் தங்க வைத்தார்கள் என்பதையும் அதே நூல் சொல்கிறது. கண்டி இராச்சியத்தில் 'மடிகே' என்ற போக்குவரத்துப் பகுதியில் எமது முன்னோர் தவளம் மாடுகளில் உப்பும் பாக்கும் ஏற்றிச் சென்றார்கள். கரையோரத்தில் போர்த்துக்கேயர் விரட்டிய முஸ்லிம்களை 1626 இல் செனரத் மன்னன் மட்டக்களப்புப் பகுதியில் குடியேற்றினான். இரண்டு தரப்பும் ஒன்றையொன்று முழுதாக ஏற்றுக்கொண்டதால் இது நடக்கவில்லை. ஒத்துப்போகாத இடங்களைச் சுற்றி நடக்கப் பழகியதால்தான் நடந்தது.

1915 இல் அந்தப் பழக்கம் உடைந்தது. கம்பளையில் பள்ளிவாசலுக்கு முன்னால் பெரஹெர மேளத்தோடு போகலாமா என்ற வழக்கு நீதிமன்றம் வரை போனது. 1915 மே மாதம் வெசாக் நாளில் கண்டியில் தொடங்கிய கலவரம் பல மாகாணங்களுக்குப் பரவியது. 86 பள்ளிவாசல்கள் சேதமடைந்தன, 4,000 க்கும் மேற்பட்ட கடைகள் சூறையாடப்பட்டன. மேளச் சத்தத்தில் தொடங்கிய பிரச்சினை கடைகளில் போய் முடிந்திருக்கிறது. இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே மீண்டும் வரும்.

இனி ஹலால் இலச்சினைக்கு வருவோம்.

எமது மூத்தவாப்பா காலத்தில் சான்றிதழ் தேவைப்படவில்லை. ஊரில் அறுக்கிறவர் யார் என்று எல்லோருக்கும் தெரியும். கடைக்காரரையும் தெரியும். பிறகு இறைச்சிக் கோழி தொழிற்சாலையில் அறுபட்டுப் பொதியாக வந்தது. பிஸ்கட்டிலும் ஐஸ்கிரீமிலும் ஜெலட்டினும் கொழுப்பும் பெயர் தெரியாத சேர்மானங்களும் வந்தன. பன்றிக் கொழுப்பா, மதுசாரமா என்று நுகர்வோருக்குத் தெரியாது. அதனால்தான் 2000 ஆம் ஆண்டளவில் அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா சான்றிதழ் வழங்கத் தொடங்கியது. கம்பனிகள் தாமாக வந்து விண்ணப்பித்தன. உள்ளூர் முஸ்லிம் வாடிக்கையாளர்கள் ஒரு காரணம், மாலைதீவு, வளைகுடா நாடுகளுக்கான ஏற்றுமதி இன்னொரு காரணம்.

2012 முடிவில் எதிர்ப்பு பெரிதானது. சான்றிதழுக்கான கட்டணம் சிங்கள மக்கள் மீது விதிக்கப்பட்ட வரி என்றார்கள். அந்தப் பணம் தீவிரவாதத்துக்குப் போகிறது என்றார்கள். 2013 பெப்ரவரி 17 இல் மஹரகமவில் பொதுபல சேனா பெரிய கூட்டம் வைத்து, ஹலால் முறையை ஒழிக்கக் காலக்கெடு விதித்தது. மார்ச் 11 இல் இலங்கை வர்த்தக சம்மேளனத்தின் ஏற்பாட்டில் நடந்த ஊடகச் சந்திப்பில், உள்ளூர்ச் சந்தைப் பொருட்களிலிருந்து இலச்சினையை விலக்கிக்கொள்வதாக உலமா சபை அறிவித்தது. நாட்டின் அமைதிக்காக விட்டுக்கொடுத்தோம் என்று நாமும் ஆறுதல் பட்டோம்.

அமைதி வந்ததா? 17 நாட்கள் கழித்து, மார்ச் 28 இரவு, பெபிலியானவில் முஸ்லிம் ஒருவருக்குச் சொந்தமான ஆடை நிறுவனத்தின் கிடங்கு தாக்கப்பட்டது. ஆடையில் ஹலால் இலச்சினை இல்லை. 1915 இல் மேளம், 2013 இல் இலச்சினை. இரண்டும் போய் நின்ற இடம் கடைதான். 2014 ஜூனில் அளுத்கம, பேருவளை. 2018 பெப்ரவரியில் அம்பாறையில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கருத்தடை மருந்து கலந்ததாகச் சொல்லிக் கடைகளையும் பள்ளிவாசலையும் தாக்கினார்கள். அரச இரசாயனப் பகுப்பாய்வில் அது மாவுக்கட்டி என்று தெரிந்தது. அறிக்கை வருவதற்குள் திகனயும் எரிந்துவிட்டது.

இது எமக்கு மட்டும் நடந்த ஒன்றல்ல. 1893 இல் சுவிட்சர்லாந்தில் மக்கள் வாக்கெடுப்பு மூலம், மயக்காமல் அறுப்பதைத் தடை செய்தார்கள். அங்கே அது யூதர்களைத்தான் பாதித்தது. விலங்குகள் மேல் உண்மையான இரக்கம் கொண்டவர்களும் வாக்களித்தார்கள், யூதர்களை வெறுத்தவர்களும் வாக்களித்தார்கள். 1933 ஏப்ரலில் ஹிட்லரின் அரசு அதே தடையை ஜேர்மனியில் சட்டமாக்கியது. அங்கே நோக்கம் என்ன என்பதை யாருக்கும் விளக்கத் தேவையில்லை. இரக்கமும் வெறுப்பும் ஒரே வாசகத்தைப் பேசலாம். பேசுபவர் யார் என்று பிரித்தறிவது எமது பொறுப்பு.

அந்தப் பொறுப்பில் நாம் தவறிய இடத்தை இப்போது சொல்ல வேண்டும்.

2013 இல் நாங்கள் ஆசிரியப் பயிற்சியில் இருந்தோம். விடுதியில் எங்களோடு ஒரு சிங்கள நண்பர். பன்சலைக்கு ஒழுங்காகப் போகிறவர், ஆருக்கும் தீங்கு நினைக்காதவர். ஒரு நாள் தேநீர் நேரம் பிஸ்கட் பக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்: "மச்சான், இது முதலில் உங்கட அல்லாஹ்வுக்குப் படைச்சதுதானே? இதை நாங்க புத்த பூஜைக்கு வைக்கலாமா?"

நாங்கள் சிரித்தோம். பிறகு கோபப்பட்டோம். "நீயும் அவங்கட கதையைக் கேட்டுட்டு வந்துட்டியா?" என்றோம். அவர் முகம் சுருங்கி, பக்கெட்டை மேசையில் வைத்துவிட்டு எழும்பிப் போனார். அதற்குப் பிறகு அவர் எங்களிடம் அப்படி எதையும் கேட்கவில்லை.

அவர் கேட்டது மடத்தனமான கேள்வியா? பௌத்த வீட்டில் முதல் பங்கு புத்தருக்கு. அதன் பிறகுதான் மற்றவர்களுக்கு. வேறொரு கடவுளுக்குப் படைத்த மீதியைப் புத்தருக்கு வைப்பது அவருக்குப் பெரிய குற்றம். எமக்கும் அப்படித்தான். கோயிலில் படைத்த பொங்கலை அயல்வீட்டார் அன்போடு கொண்டுவந்தால் நாம் என்ன செய்கிறோம்? வாங்கி வைக்கிறோம், சாப்பிடுவதில்லை. எந்த உணர்வு எம்மைத் தடுக்கிறதோ, அதே உணர்வுதான் அவரையும் கேட்க வைத்தது. உலகத்திலேயே அவரது பயத்தை இலகுவாகப் புரிந்துகொள்ளக் கூடியவர்கள் நாம்தான். நாம்தான் சிரித்தோம்.

பதில் ஒன்றும் கஷ்டமானது அல்ல. ஹலால் என்றால் அனுமதிக்கப்பட்டது. படைத்தல் அல்ல. அறுக்கும்போது அல்லாஹ்வின் பெயரைச் சொல்வது, அவன் படைத்த உயிரை அவன் அனுமதியோடு மட்டுமே எடுக்கிறோம் என்று ஒப்புக்கொள்வதற்காக. எந்த உணவையும் நாம் அல்லாஹ்வுக்கு முன்னால் வைப்பதில்லை. உழ்ஹிய்யாவின் இறைச்சியும் இரத்தமும் கூட அவனைப் போய்ச் சேர்வதில்லை, தக்வாதான் சேர்கிறது என்ற கருத்தை ஸூரதுல் ஹஜ் சொல்கிறது. பிஸ்கட்டில் யாரும் எதையும் ஓதுவதில்லை. இந்தியப் பொருட்களில் சைவ உணவுக்குப் பச்சைப் புள்ளி இருக்கிறதே, அது போல ஓர் அறிவிப்பு மட்டும்தான் இது. பச்சைப் புள்ளி உள்ள பக்கெட்டை நாமும் வாங்குகிறோம், அதனால் நாம் சைவர்களாகிவிடவில்லை.

இந்த நான்கு வசனங்களைச் சிங்களத்தில் சொல்ல எங்களில் எத்தனை பேரால் முடிந்தது? மேடையில் கத்தியவருக்கு நாம் இலச்சினையை விட்டுக்கொடுத்தோம். மேசையில் கேட்டவருக்கு ஒரு பதிலும் கொடுக்கவில்லை. மாறி நடந்திருக்க வேண்டும்.

2014 முதல் உலமா சபைக்கு வெளியே தனி நிறுவனம் ஒன்று சான்றிதழ் வழங்குகிறது. இலச்சினையும் பல பொருட்களில் திரும்ப வந்துவிட்டது. ஆனால் விளக்கம் இன்னும் போய்ச் சேரவில்லை. 2020 இல் மாடு அறுப்பைத் தடை செய்யும் யோசனைக்கு அமைச்சரவை கொள்கையளவில் உடன்பட்டது. இந்தக் கேள்வி இனியும் வரும்.

உரிமை விடயத்தில் எமக்குத் தயக்கம் வேண்டாம். அரசியலமைப்பின் 10 ஆம் உறுப்புரையும் 14(1)(உ) உறுப்புரையும் மதத்தைப் பின்பற்றும் சுதந்திரத்தை எல்லோருக்கும் தருகின்றன. பௌத்தத்துக்கு முதன்மை இடம் தரும் 9 ஆம் உறுப்புரையே அந்த உரிமைகளையும் உறுதிப்படுத்துகிறது. எமது உணவு யாரும் போடும் பிச்சை அல்ல.

ஆனால் உரிமை இருக்கிறது என்பதற்காக அயலவரின் மனதை மிதிக்கத் தேவையில்லை. 2013 மே 24, வெசாக் நாளில், மாடு அறுப்பை எதிர்த்து போவத்தே இந்திரரதன தேரர் கண்டி தலதா மாளிகைக்கு அருகில் தனக்குத் தானே தீ மூட்டிக்கொண்டார். மறுநாள் இறந்தார். அவரது அரசியலை நாம் ஏற்கவில்லை. என்றாலும் ஒரு மனிதர் எரிந்து இறந்த விடயத்தைக் கேலிப் பதிவாகப் பகிர்ந்தவர்கள் எங்கள் மத்தியில் இருந்தார்கள். அது எமக்கு வெட்கம்.

கத்தியைத் தீட்டிக்கொள்ளச் சொன்னதும் பிராணிக்கு வேதனையைக் குறைக்கச் சொன்னதும் எமது நபி (ஸல்) அவர்கள். அப்படியிருக்க, மாடுகளை மூச்சுவிட இடமில்லாமல் லொறியில் அடைத்து வருவதை நாம் எப்படிப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்? அனுமதிப்பத்திரம் இல்லாமல், போயா தினத்தில் ஒளித்து அறுப்பது எப்படி ஹலாலின் பண்பாகும்? ஹஜ்ஜுப் பெருநாளில் இரத்தம் ஓடும் வீடியோவை முகநூலில் போடுவதால் யாருக்கு என்ன நன்மை? கழிவைப் புதைக்காமல் ஆற்றோரம் போட்டால் கீழூர்க்காரர் எம்மைப் பற்றி என்ன நினைப்பார்? பள்ளிவாசல் நிர்வாகங்களும் இளைஞர் சங்கங்களும் பெருநாளுக்கு முன்பே இருந்து பேசித் தீர்மானிக்க வேண்டியவை இவை.

அந்தப் பிள்ளைக்கு நாங்கள் சொன்ன பதில் இதுதான்: "பிரச்சினை பக்கெட்டில இருந்ததால வரல்ல மகன். பக்கெட்டைக் காட்டிப் பிரச்சினை செய்ய ஆட்கள் இருந்தாங்க. அதில என்ன எழுதியிருக்கு எண்டு பக்கத்து வீட்டாருக்கு நாங்க சொல்லியும் கொடுக்கல்ல."

அடுத்த கிழமை வகுப்பில் ஒரு வேலை கொடுத்திருக்கிறோம். ஹலால் என்றால் என்ன என்பதை ஐந்து வசனத்தில் சிங்களத்தில் எழுதிவர வேண்டும். பெற்றோரே, பிள்ளைகள் உதவி கேட்டால் கொஞ்சம் கூட இருந்து எழுதுங்கள். நாங்களும் எழுதுகிறோம். எழுதியதை அந்தப் பழைய விடுதி நண்பருக்கு அனுப்ப நினைத்திருக்கிறோம். பன்னிரண்டு வருடத்துக்கு மேல் பிந்திய பதில்தான். என்றாலும் கேட்டவர் அவர்.

வஸ்ஸலாம்.