படகுத்துறை மேற்றளம்

படகுத்துறை மேற்றளம் என்பது, படகில் ஏறி இறங்குவதற்கும் பொருட்களை ஏற்றி இறக்குவதற்கும் நீரின் மேல் அமைக்கப்படும் மேடையின் நடைதளம் ஆகும். சிறிய தனியார் படகுத்துறைகள் பொதுவாக நான்கு அடுக்குகளைக் கொண்டவை: நீருள் ஊன்றிய தூண்கள், தூண்களின் மேல் கிடக்கும் உத்தரங்கள், உத்தரங்களுக்குக் குறுக்கே அமையும் சட்டங்கள், சட்டங்களின் மேல் பரப்பப்படும் பலகைகள். பழைய துறையை மீளக் கட்டும்போது கண்ணுக்குத் தெரியும் பலகைகளைப் பற்றியே முதலில் பேசப்படுகிறது. ஆனால் நீர் நன்னீரா உவர்நீரா என்பதும், ஓர் உறுப்பு நீர்மட்டத்திற்கு மேலே உள்ளதா கீழே உள்ளதா என்பதுமே பொருள் தேர்வைத் தீர்மானிக்கின்றன.

நீர்மட்டமும் சிதைவும்

மரத்தை உளுக்கச் செய்யும் பூஞ்சைகளுக்கு ஈரம், காற்று ஆகிய இரண்டும் தேவை. எப்போதும் உலர்ந்திருக்கும் மரத்தில் ஈரம் இல்லை. எப்போதும் மூழ்கியிருக்கும் மரத்தில் காற்று இல்லை. எனவே இவ்விரண்டும் நீண்டகாலம் நிலைக்கின்றன. மாறிமாறி நனைந்து உலரும் பகுதியே விரைவில் சிதைகிறது. நன்னீர்த் துறைகளில் தூண்கள் நீர்மட்டத்தை ஒட்டிய இடத்தில் மெலிந்து போவதற்கு இதுவே காரணம்.

கடலில் நிலைமை வேறு. அங்கு மூழ்கிய மரத்தைக் கப்பற்புழு துளைக்கிறது. பெயரில் புழு எனினும் இது சிப்பி இனத்தைச் சேர்ந்த மெல்லுடலி ஆகும். மிகச் சிறிய துளை வழியே மரத்தினுள் புகுந்து, உள்ளேயே வளர்ந்து குடைவதால் வெளிப்புறம் பழுதின்றித் தோன்றும். இவ்வாறு குடையப்பட்ட தூண் முன்னறிவிப்பின்றி முறியக்கூடும்.

இரும்புக் கம்பிகளைக் கொண்ட கான்கிரீட்டுக்கும் இதையொத்த வேறுபாடு உண்டு. இந்தியத் தர விதி 456 (2000), கடல்நீரில் முழுதும் மூழ்கிய பகுதிக்குக் கம்பியின் மேல் 45 மில்லிமீட்டர் கான்கிரீட் மூடலும், கடல்நீர்த் திவலை படும் பகுதிக்கு 50 மில்லிமீட்டரும், ஓதம் ஏறி இறங்கும் பகுதிக்கு 75 மில்லிமீட்டரும் குறைந்த அளவாகக் கோருகிறது. மூழ்கிய பகுதியைவிட நனைந்து உலரும் பகுதிக்கே கூடுதல் காப்பு வேண்டும் என்பதை இவ்வளவுகள் காட்டுகின்றன.

செட்டிநாட்டு மரபு

பொருளை இடமறிந்து பயன்படுத்துவதற்குச் செட்டிநாடு நல்ல எடுத்துக்காட்டாகும். சிவகங்கை மாவட்டத்தில் காரைக்குடிக்கு அருகிலுள்ள கண்டனூர் உள்ளிட்ட நகரத்தார் ஊர்கள் கடலிலிருந்து உள்ளே அமைந்தவை. இங்கு நீரில் இறங்குமிடம் ஊரணியின் படித்துறை ஆகும். ஊரணிப் படிகளுக்கும் கரைகளுக்கும் மரம் பயன்படுத்தப்படவில்லை. இப்பகுதியில் கிடைக்கும் செம்புறாங்கல் பயன்பட்டது. பர்மாவிலிருந்து கொண்டுவரப்பட்ட தேக்கு, வீட்டின் தூண்களுக்கும் கதவுகளுக்கும் உத்தரங்களுக்கும் பயன்பட்டது. கூரையின் நிழலில் கல் அடித்தளத்தின் மேல் நிற்கும் இத்தூண்கள் நூறு ஆண்டுகளுக்குப் பின்னும் பல வீடுகளில் உறுதியாக உள்ளன.

நீரில் ஊன்றப்பட்ட தேக்கின் நிலையைப் பர்மாவிலேயே காணலாம். மண்டலைக்கு அருகே அமரபுரத்தில் 1850 ஆம் ஆண்டளவில் கட்டப்பட்ட ஊ பெயின் பாலம், ஏறத்தாழ 1.2 கிலோமீட்டர் நீளமுள்ள தேக்கு நடைபாலமாகும். இன்வாவிலிருந்த பழைய அரண்மனையின் மரங்கள் இதற்குப் பயன்பட்டன. நன்னீர் ஏரியில் நிற்கும் இதன் ஆயிரத்துக்கும் மேற்பட்ட தூண்களுள் பல நெடுங்காலம் தாங்கியுள்ளன. சிதைந்த சிலவற்றுக்கு மாற்றாகக் கான்கிரீட் தூண்கள் நடப்பட்டுள்ளன.

மரப் பலகைகள்

தேக்கின் வைரப் பகுதியில் உள்ள இயற்கை எண்ணெய்ப் பொருட்கள் கறையானையும் பூஞ்சையையும் எதிர்க்கின்றன. ஈரத்தால் இது அதிகம் வளைவதில்லை. கப்பல் தளங்களுக்குத் தேக்கு விரும்பப்பட்டதும் இதனாலேயே. வெளிப்புற வெள்ளை மரத்துக்கு இப்பண்பு இல்லை. இளம் தோட்டத் தேக்கில் வெள்ளைப் பகுதி மிகுந்திருப்பதால், தேக்கு என்ற பெயரை மட்டும் நம்பி வாங்குவது ஏமாற்றத்தில் முடியலாம். வைரம் பாய்ந்த தேக்கையும் கப்பற்புழு முற்றிலும் விட்டுவைப்பதில்லை. எனவே கடலில் தேக்கு நடைதளத்துக்கு ஏற்றது, தூணுக்கு ஏற்றதன்று.

மியான்மர் 2014 ஏப்ரலில் மரத்தடி ஏற்றுமதியைத் தடை செய்தது. செட்டிநாட்டில் இடிக்கப்பட்ட வீடுகளின் பழைய தேக்கு காரைக்குடியில் விற்பனையாகிறது. இதைப் பலகையாக அறுக்குமுன், உள்ளே ஒடிந்து தங்கிய ஆணிகளையும் பழைய பொருத்துத் துளைகளையும் கறையான் அரிப்பையும் சோதித்தல் வேண்டும்.

விலை குறைந்த மரங்களை மருந்தேற்றிப் பயன்படுத்துவது மற்றொரு வழி. செம்பு, குரோமியம், ஆர்செனிக் ஆகியவற்றின் சேர்மங்களைக் கொண்ட மரக்காப்பு மருந்தை, தேராதூன் வன ஆராய்ச்சி நிறுவனத்தில் பணியாற்றிய சொந்தி காமேசம் 1933 இல் உருவாக்கினார். அது உலகெங்கும் பரவியது. ஆர்செனிக்கின் நச்சுத்தன்மை குறித்த கவலையால், அமெரிக்காவில் 2003 இறுதியுடன் வீட்டுப் பயன்பாடுகள் பெரும்பாலானவற்றில் இது கைவிடப்பட்டது. வெறுங்காலுடன் நடக்கும் தளத்துக்கும் குழந்தைகள் கைவைக்கும் பிடிச்சட்டங்களுக்கும் இதைத் தவிர்ப்பது நன்று. மருந்தேற்றிய மரத்தின் துண்டுகளை எரித்தலும் ஆகாது. ஆர்செனிக் புகையிலும் சாம்பலிலும் சேரும்.

மரமல்லாத பொருட்கள்

* மரத்தூள்-நெகிழிக் கலவைப் பலகை: எளிதில் உளுக்காது, சிம்பு ஏறாது. மரத்தைவிட விறைப்பு குறைந்தது என்பதால் சட்டங்களை நெருக்கமாக, பொதுவாக 40 சென்டிமீட்டர் இடைவெளியில் அமைக்க வேண்டும். அடர்நிறப் பலகைகள் வெயிலில் வெறுங்கால் வைக்க முடியாதபடி சூடேறும்.
* கண்ணாடியிழை வலைத்தளம்: துருப்பிடிக்காது, எடை குறைவு. துளைகள் வழியே அலைநீர் மேலெழுந்து வடிந்துவிடுவதால் தளத்தின் மீதான தாக்கம் குறைகிறது. மேற்பூச்சு தேய்ந்தால் இழைகள் வெளிப்பட்டுக் காலை உறுத்தும்.
* அலுமினியம்: இலேசானது, மிதக்கும் துறைகளுக்கு ஏற்றது. செம்புச் சேர்மம் ஏற்றிய மரத்தை இது நேரடியாகத் தொடக்கூடாது. தொட்டால் அலுமினியம் அரிக்கப்படும்.
* கான்கிரீட் பலகம்: உறுதியானது, ஆனால் எடை மிகுந்தது. பழைய மரத் தூண்களின் மேல் இதை வைப்பது ஆபத்தானது.

பொருத்துமுறை

பலகை நன்றாக இருந்தும் ஆணி துருப்பிடித்துத் தளம் கெடுவது உண்டு. கடலோரத்தில் 316 வகைத் துருப்பிடிக்கா எஃகுத் திருகாணிகள் பயன்படுத்தப்படுகின்றன. உப்புக்காற்று மிகுந்த பாம்பனில், 1914 இல் திறக்கப்பட்ட பழைய தொடருந்துப் பாலத்துக்கு மாற்றாக 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாலத்திலும் துருப்பிடிக்கா எஃகுக் கம்பிகள் இடப்பட்டுள்ளன.

மரம் ஈரத்தால் அகலவாட்டில் விரிகிறது. எனவே பலகைகளுக்கு இடையே சுமார் 5 மில்லிமீட்டர் இடைவெளி விடப்படுகிறது. மழைநீர் வடியவும் இது உதவும். கலவைப் பலகை வெப்பத்தால் நீளவாட்டில் குறிப்பிடத்தக்க அளவு விரிகிறது. ஆகவே அதன் முனைகளிலும் இடைவெளி தேவை. மரத்துக்குரிய பழக்கத்திலேயே கலவைப் பலகையைப் பொருத்தினால் முனைகள் முட்டித் தளம் புடைத்தெழும்.

மீளக் கட்டும்போது

பலகையைத் தேர்வு செய்வதற்கு முன் தூண்களைச் சோதிப்பதே முறை. மரத் தூணைச் சுத்தியலால் தட்டும்போது எழும் வெற்றொலியும், கூரிய ஊசி எளிதில் இறங்குவதும் உட்சிதைவின் அறிகுறிகள். கடல்நீரில் இவை மட்டும் போதா. நீருக்கடியில் மூழ்கிப் பார்ப்பதும், ஐயமுள்ள இடத்தில் துளையிட்டு மாதிரி எடுப்பதும் தேவைப்படும். புதுச்சேரியில் தூண்கள் நலிவுற்றிருந்த பழைய துறைமுகப் பாலத்தின் ஒரு பகுதி 2022 மார்ச்சில் கடலில் இடிந்து விழுந்தது. தாங்கும் தூண் வலுவிழந்தால் மேற்றளத்தின் தரம் பயன்தராது.

தூண்கள் உறுதியாயிருப்பின், நன்னீரில் வைரத் தேக்கோ தக்க மருந்தேற்றிய மரமோ பொருந்தும். கடலில் கான்கிரீட் தூண்களின் மேல் தேக்குப் பலகை அல்லது கண்ணாடியிழைத் தளம் அமைக்கலாம். கடற்கரைப் பகுதிகளில் கட்டுமானத்துக்கு முன் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையின்படி அனுமதி பெறுதல் வேண்டும்.

இவற்றையும் பார்க்கவும்

* தேக்கு
* ஊரணி
* செட்டிநாடு
* கப்பற்புழு
* பாம்பன் பாலம்