அளந்தவர்களும் நடந்தவர்களும்

மலைப் பிரதேசங்களில் கால்நடையாகச் சஞ்சரிப்பவர்கள் இன்று கைபேசித் திரையில் ஊர்ந்து செல்லும் ஒரு நீலப் புள்ளியை நம்பி நடக்கிறார்கள். அப்புள்ளியை வானத்திலிருந்து இறங்கிய வரப்பிரசாதம் என்று பலரும் எண்ணுவது இயல்பே. ஆனால் புள்ளி விழுவதற்கு ஒரு படம் வேண்டுமல்லவா? நம் நாட்டைப் பொறுத்தவரை அந்தப் படத்தின் சரித்திரம், 1802-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், பரங்கிமலையை அடுத்த சமவெளியில், நூறு அடி நீளமுள்ள எஃகுச் சங்கிலி ஒன்றை மரத்தொட்டிகளில் கிடத்தி, வெயிலில் அது எவ்வளவு நீளுகிறது என்பதை உஷ்ணமானியைப் பார்த்துப் பார்த்துக் கழித்து, ஏறக்குறைய ஏழரை மைல் தூரத்தை ஆறு வாரங்களில் அளந்து முடித்த வில்லியம் லாம்டன் என்னும் ராணுவ உத்தியோகஸ்தரிடமிருந்து தொடங்குகிறது. அந்தச் சங்கிலியும் லேசான வரலாறு உடையதன்று. சீனச் சக்கரவர்த்திக்குக் காணிக்கையாக ஆங்கிலத் தூதர் மக்கார்ட்னி பிரபு கொண்டுபோன பொருள்களில் ஒன்றாகப் புறப்பட்டு, அங்கே ஏற்பாரின்றி, கைமாறி இந்தியாவுக்கு வந்து சேர்ந்தது.

இத்தகைய ஓர் அடிக்கோடு பிழையின்றிக் கிடைத்துவிட்டால், அதன் இரு முனைகளிலிருந்தும் தொலைவிலுள்ள குன்றொன்றைப் பார்த்துக் கோணங்களை மாத்திரம் அளந்து, முக்கோணத்தின் மற்ற இரண்டு பக்கங்களையும் கணக்கினாலேயே அறிந்துகொள்ளலாம். அப்பக்கங்களே அடுத்த முக்கோணங்களுக்கு ஆதாரமாகும். கோணம் அளக்கும் தியோடலைட் என்ற உபகரணமோ அரை டன் எடை உள்ளது. லண்டனில் செய்யப்பட்டுக் கப்பலில் வந்த அதை நடுக்கடலில் பிரெஞ்சுக்காரர் கைப்பற்றி மொரீஷியஸ் தீவுக்குக் கொண்டுபோனதும், பிறகு அது விஞ்ஞானத்துக்குரிய சாதனம் என்று அறிந்து சென்னைக்கே திருப்பி அனுப்பிவைத்ததும், யுத்த காலத்து மரியாதைகளுக்கு ஒரு சான்று. தஞ்சைத் தரணியில் லாம்டனுக்கு வேறொரு சங்கடம் காத்திருந்தது. குன்றுகளே இல்லாத அந்த வயல்வெளியில் தென்னந்தோப்புகள் பார்வையை மறைத்தபடியால், அவர் கோயில் கோபுரங்களையே குன்றுகளாகக் கொள்ள நேர்ந்தது. 1808-இல் தஞ்சைப் பெரிய கோயிலின் விமானத்துக்கு அந்தக் கனத்த யந்திரத்தைக் கயிறு கட்டி ஏற்றுகையில் கயிறு அறுந்து, யந்திரம் கற்சுவரில் மோதி, அதன் வட்டம் நெளிந்துபோயிற்று. வேறொருவராயிருந்தால் புதிய யந்திரத்துக்கு எழுதிப் போட்டுவிட்டு ஓய்ந்திருப்பார். அவரோ திருச்சிராப்பள்ளிக்குச் சென்று, ஆறு வார காலம் ஆப்பும் திருகும் கொண்டு அந்த வட்டத்தை அணு அணுவாக இழுத்துப் பழைய வடிவுக்குக் கொண்டுவந்தார்.

லாம்டன் 1823-இல் ஹிங்கன்காட்டில் காலமான பின், அவருடைய முக்கோணச் சங்கிலியை ஜார்ஜ் எவரெஸ்ட் இமயத்தின் அடிவாரம் வரை கொண்டு சென்றார். பூமி உருண்டை சற்றே தட்டையானது. எவ்வளவு தட்டை என்பதற்கு இந்த அளவைகளைக் கொண்டு எவரெஸ்ட் 1830-இல் கணித்த உருவமே இந்திய வரைபடங்களுக்கெல்லாம் அஸ்திவாரமாயிற்று. இந்தப் பெருமுயற்சிகளின் நோக்கம் மலையேறுபவனுக்கு வழி காட்டுவதன்று என்பதை மறக்கலாகாது. நிலவரியும் படைநடமாட்டமுமே சர்க்காரின் கவலைகள். 1821-இல் வார்டு என்ற அதிகாரி பழனி மலைத்தொடரை ஏறி அளந்தபோதும் கிழக்கிந்தியக் கம்பெனியாருக்கு வேண்டியிருந்தது அந்த மலைகளில் என்ன விளைகிறது, யார் குடியிருக்கிறார்கள் என்ற விவரமே. மலைவாழ் மக்களின் ஒற்றையடிப் பாதைகள் பிற்காலத்துச் சர்வே தாள்களில் மெல்லிய துண்டுக்கோடுகளாக ஏறியது, அவ்வழியே அளவைக்காரர்களும் நடந்தமையால் கிடைத்த உபரி லாபம் என்றே நான் கருதுகிறேன்.

கோணம் அளக்கும் யந்திரம் செல்ல முடியாத இடத்துக்கு மனிதனே யந்திரமாகச் சென்ற வரலாறும் உண்டு. திபெத்துக்குள் அந்நியர் நுழையக்கூடாதென்ற தடை இருந்த காலத்தில், குமாவுன் மலைநாட்டுப் பள்ளி ஆசிரியராகிய நைன் சிங் என்பவரைச் சர்வே இலாகாவினர் தேர்ந்தெடுத்து, மேடானாலும் பள்ளமானாலும் ஒரே அளவில் அடிவைத்து நடக்கப் பயிற்றுவித்தார்கள். இரண்டாயிரம் அடிவைப்பு ஒரு மைல் என்பது கணக்கு. அவர் கையிலிருந்த ஜெபமாலையில் வழக்கமான நூற்றெட்டு மணிகளுக்குப் பதிலாகச் சரியாக நூறு மணிகளே இருந்தன; நூறு அடிவைப்புக்கு ஒரு மணி தள்ளினால், மாலை ஒரு சுற்று முடிகையில் ஐந்து மைல் கடந்தாயிற்று என்று பொருள். மந்திரச் சுருள் இருக்க வேண்டிய பிரார்த்தனைச் சக்கரத்துக்குள் குறிப்புக் காகிதங்கள் ஒளிந்திருந்தன. நட்சத்திரத்தின் உயரத்தை அளக்கத் தேவையான பாதரசம் சோழிகளுக்குள் மெழுகிட்டு அடைக்கப்பட்டிருந்தது. வியாபாரியின் வேஷத்தில் 1866 ஜனவரியில் லாசாவை அடைந்து, அந்நகரின் அட்சரேகையை அவர் நிர்ணயித்துத் திரும்பினார். லண்டன் பூகோள சங்கம் 1877-இல் அவருக்குத் தங்கப் பதக்கம் அளித்தது. பொத்தானை அழுத்தினால் நடந்த தூரத்தைக் காட்டும் கருவியை இன்று கையில் வைத்திருப்பவர்கள், அந்த மணிமாலையை ஒருகணம் மனத்தில் உருட்டிப் பார்க்கலாம்.

இனி வானத்துக்கு வருவோம். 1957-இல் ருஷ்யர் ஸ்புட்னிக் என்ற செயற்கைக்கோளை ஏவியபோது, அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வுக்கூடத்து இளைஞர் இருவர் அதன் வானொலி அலையின் அதிர்வெண் ஏறி இறங்குவதைக் கவனித்து, அதைக்கொண்டு கோளின் பாதையைக் கணித்துவிட்டனர். கோளின் பாதை தெரிந்தால் தரையிலிருப்பவனின் ஸ்தானத்தைக் கணிக்கலாமே என்று அதைத் திருப்பிப் போட்டுப் பார்த்ததில் பிறந்தது செயற்கைக்கோள் வழிகாட்டல். 1978 முதல் ஏவப்பட்ட ஜி.பி.எஸ். கோள்கள் ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் அணுக் கடிகாரங்களோடு சுற்றிக்கொண்டு, ஓயாமல் நேரத்தைச் சொல்லிக்கொண்டிருக்கின்றன. நான்கு கோள்களின் குரல் ஒரே சமயத்தில் கேட்டால், ஒவ்வொன்றும் வந்து சேர எடுத்துக்கொண்ட காலத்தின் வித்தியாசத்திலிருந்து கருவி தன் இடத்தை அறிகிறது. கடிகாரம் ஒரு விநாடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினாலும் தூரத்தில் முந்நூறு மீட்டர் பிழை நேரும்.

இதுவும் சேனைக்காகப் பிறந்ததே. 1983 செப்டம்பரில் வழி தவறி சோவியத் எல்லைக்குள் பறந்த கொரிய விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டு 269 பேர் மாண்ட பிறகுதான், இவ்வசதி பொதுமக்களுக்கும் கிடைக்கும் என்று ஜனாதிபதி ரீகனின் அரசு அறிவித்தது. 1989-இல் மெகல்லன் நிறுவனத்தார் கையடக்கமான கருவியொன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். எனினும் பொதுமக்களுக்குரிய அலையில் வேண்டுமென்றே பிழை கலந்து அனுப்பப்பட்டமையால், நூறு மீட்டர் வரை இடம் தவறக் கூடியதாயிருந்தது. அக்கலப்படம் 2000-ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் கிளின்டனின் உத்தரவால் நின்றது. மலையேறுபவனின் கைக்கருவி உண்மையில் பயன்படத் தொடங்கியது அன்றுதான்.

அப்போது நம் நாட்டில் ஒரு விசித்திரம் புலப்பட்டது. கொடைக்கானலை உள்ளடக்கிய 58 எஃப் வரிசைச் சர்வே தாளிலிருந்து அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் எடுத்து ஒருவர் தம் கருவியில் பதிந்துகொண்டு நடந்தால், கருவி அவரை நூறு மீட்டருக்கும் அதிகமாக விலக்கிக் கொண்டுபோய் நிறுத்தும். கருவியிலும் குற்றமில்லை, தாளிலும் குற்றமில்லை. பழைய தாள் எவரெஸ்ட் கணித்த பூமியின்மேல் வரையப்பட்டது; அந்தப் பூமி இந்தியாவுக்குப் பொருந்துமாறு அமைந்ததேயன்றி, அதன் மையம் மெய்யான பூமியின் மையத்தோடு ஒன்றுவதில்லை. கோள்களோ உலகம் முழுவதற்கும் பொதுவாக 1984-இல் வகுக்கப்பட்ட வேறொரு பூமியை அறியும். கருவியின் அமைப்புப் பட்டியலில் 'மேப் டேட்டம்' என்று ஒரு வரி உண்டு. பெரும்பாலோர் தொடாமலே விட்டுவிடும் அந்த வரியில்தான் இவ்விரண்டு பூமிகளுக்கும் சமரசம் செய்துவைக்க வேண்டும். கொடைக்கானலின் தெற்குச் சரிவுகளில் நூறு மீட்டர் என்பது பாறை விளிம்புக்கு இப்புறமா அப்புறமா என்ற விஷயம்.

தாளைப் பெறுவதும் எளிதாயிருக்கவில்லை. கடற்கரையையும் எல்லையையும் ஒட்டிய பிரதேசங்களின் தாள்கள் ரகசியமென்று முத்திரையிடப்பட்டன. 2005-ஆம் ஆண்டுக் கொள்கைதான் ராணுவத்துக்கு ஒரு வரிசை, ஜனங்களுக்குப் புதிய பூமியில் வரைந்த மற்றொரு வரிசை என்று பிரித்தது. 2017-இல் சர்வே இலாகாவின் 250-ஆம் ஆண்டையொட்டி அவ்வரிசை இணையத்தில் இலவசமாகவே கிடைத்தது. ஆனால் அப்போது ஆதார் எண்ணைக் கொடுத்தாக வேண்டியிருந்தது! தன் ஊர் மலையைப் பார்க்க விரும்புகிறவன் முதலில் தன்னை அடையாளம் காட்ட வேண்டியிருந்ததில், லாம்டன் காலத்துக் கம்பெனி சர்க்காரின் வாசனை முற்றிலும் அகன்றுவிடவில்லை. இன்றைக்கும் கோள் வழியாகச் செய்தி அனுப்பும் மலையேற்றக் கருவியை அனுமதியின்றி நாட்டுக்குள் கொண்டுவருவது குற்றம். விமான நிலையங்களில் அயல்நாட்டுப் பயணிகள் அதற்காகப் பிடிபட்டிருக்கிறார்கள்.

இப்பூட்டுகளைச் சுற்றிக்கொண்டு போகும் வழியை நடப்பவர்களே கண்டுபிடித்தார்கள். 2004-இல் ஸ்டீவ் கோஸ்ட் என்ற ஆங்கிலேயர் தொடங்கிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில், யாரோ ஒருவர் நடக்கையில் அவருடைய கருவி சில விநாடிகளுக்கொரு முறை பதிந்த புள்ளிகள் கோடாகி, அக்கோடு எல்லாருக்கும் பொதுவான படத்தில் பாதையாகிறது. நூற்றாண்டுகளாகப் பாதை சர்க்காரின் கைச்சரக்காயிருந்தது. இப்போது அதை நடந்தவரே வரைகிறார். இம்முறையை நான் மனமாரப் பாராட்டுகிறேன். ஆயினும் ஐந்தாண்டுக்கு முன் வெயில் காலத்தில் ஒருவர் நடந்த கோடு, இந்த வருஷத்து மழைக்குப் பின்னும் பாதையாக இருக்கிறதா என்பதைக் கோள் சொல்லாது. அடர்ந்த சோலைக்குள்ளும் ஆழ்ந்த பள்ளத்தாக்கிலும் இலைகளிலும் பாறைகளிலும் பட்டு மங்கி, தெறித்து வரும் அலையை நம்பிப் புள்ளியும் அங்குமிங்கும் தாவும்.

2018 மார்ச் மாதத்தில் கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு இறங்கிக்கொண்டிருந்தவர்கள் காட்டுத்தீயில் சிக்கி, இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். காய்ந்த புல்லையும் காற்றின் போக்கையும் காட்டும் குறி எந்தப் படத்திலும் இல்லை. தமிழ்நாட்டு அரசு அதன் பிறகு மலையேற்றத்துக்கு விதிகள் வகுத்தது. 2024-இல் வனத்துறையார் நாற்பது பாதைகளை இணையத்தின் மூலம் முன்பதிவு செய்து நடக்கும்படி திறந்துவிட்டபோது, கையில் எத்தனை கருவிகள் இருந்தாலும், அந்தந்த மலையோரக் கிராமத்தையோ பழங்குடிக் குடியிருப்பையோ சேர்ந்த, பயிற்சி பெற்ற வழிகாட்டி ஒருவர் குழுவோடு உடன்செல்வது ஏற்பாடாயிற்று.