முகப்பருவும் களிம்புகளும்

நம் உத்திரமேரூர் கல்வெட்டுப்படி குடவோலையில் பெயர் போட 35 வயது நிரம்பியிருக்க வேண்டும். ஆகவே முகப்பருவோடு சபைக்கு வந்தவர்கள் குறைவாகத்தான் இருந்திருப்பார்கள்!

எங்கள் காலத்தில் பருவுக்கு வைத்தியம் வீட்டிலேயே இருந்தது: சந்தனம், கஸ்தூரி மஞ்சள், கல்லில் இழைத்த ஜாதிக்காய். மருந்துக்கடைக்குப் போனால் ரோஸ் நிறக் காலமைன் லோஷன். துத்தநாக ஆக்ஸைடில் கொஞ்சம் இரும்பு ஆக்ஸைடு கலந்ததால் வந்த நிறம் அது. அரிப்பைத் தணிக்கும், பருவின் வேரைத் தொடாது. 1975-ல் விக்கோ டர்மரிக் வந்தது. அது மருந்தா, அழகுப் பொருளா என்று கலால் துறையோடு வருடக்கணக்கில் வழக்கு நடந்தது.

பருவுக்குக் காரணம் அழுக்கு அல்ல. தோல் துளையில் எண்ணெயும் இறந்த செல்களும் அடைத்துக்கொள்ள, உள்ளே கிருமி பெருகி வீங்குகிறது. அடைப்பைத் திறக்கும் ட்ரெட்டினாயின் மருந்தின் பலனை 1969-ல் அமெரிக்காவின் ஆல்பர்ட் கிளிக்மன் குழுவினர் வெளியிட்டார்கள். கிருமியைக் கொல்ல பென்ஸாயில் பெராக்ஸைடு உண்டு.

ஆனால் நம் பக்கம் வேகமாகப் பரவியது ஸ்டீராய்டு களிம்பு. பூசிய சில நாளில் முகம் வெளுக்கும், பரு அடங்கும். நாள்பட்டால் தோல் மெலிந்து சிவக்கும். நிறுத்தினால் எரிச்சலோடு பரு இரட்டிப்பாகும். 2018-ல் மத்திய அரசு 14 ஸ்டீராய்டு களிம்புகளை, டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத பட்டியலில் சேர்த்தது.

பேரன் பேத்தி பூசும் டியூபை ஒருமுறை வாங்கிப் பாருங்கள். பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன், க்ளோபெட்டசால் என்று பொடி எழுத்தில் இருந்தால், தோல் டாக்டரிடம் அழைத்துப் போங்கள்.