வாசிக்கிறவர் ஒருவர், கேட்கிறவர்கள் பலர்

தியானப் பகுதி: வெளிப்படுத்தின விசேஷம் 1:1–3, அப்போஸ்தலர் 8:26–40



விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் சுற்றியுள்ள கிராமங்களிலும் இன்று அலைபேசி இல்லாத கிறிஸ்தவ வீடு அரிது. அந்த ஒரு கருவிக்குள் வேதாகமம் பல மொழிபெயர்ப்புகளில் இருக்கிறது. கீர்த்தனைகளும் ஞானப்பாட்டுகளும் அனுதின தியானங்களும் அருளுரைகளும் வியாக்கியானங்களும் இருக்கின்றன. நம் முன்னோர் ஒரு புதிய ஏற்பாட்டுப் பிரதிக்காக மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். நாமோ நொடிப்பொழுதில் எதையும் திறந்துவிடுகிறோம். ஆயினும் வீடுகளைச் சந்திக்கச் செல்லும்போது பெரியவர்கள் மனவருத்தத்தோடு சொல்லுகிற காரியம் ஒன்றுண்டு: குடும்ப ஜெபம் குறைந்துவிட்டது என்பதே அது. வேதம் கைக்கு இவ்வளவு அருகில் வந்த காலத்தில் வீட்டில் அதன் சத்தம் குறைவானேன்? இக்கேள்விக்கு நம் வட்டாரத்தின் திருச்சபை வரலாறு தருகிற பதிலை இந்த வாரம் தியானிப்போம்.

ஓலையும் அச்சும்

தமிழ் எழுத்தில் இந்திய மண்ணில் அச்சேறிய முதல் புத்தகம் ஒரு ஜெபப் புத்தகம். 1578-இல் கொல்லத்தில் அன்றிக்கே அன்றீக்கசு என்னும் இயேசு சபைக் குருவானவர் பதிப்பித்த ‘தம்பிரான் வணக்கம்’ 16 பக்கங்களே கொண்டது. முத்துக்குளித்துறையின் பரதவர் அனுதினமும் விசுவாசத்தில் நிலைத்திருக்க வேண்டிய அடிப்படைப் போதனைகளும் ஜெபங்களும் அதில் இருந்தன. பெரிய இறையியல் நூல்களுக்கு முன்பாக, எளிய மக்களின் அன்றாட ஜெபத்துக்கே தமிழ் அச்சு முதலில் பயன்பட்டது என்பது நினைவில் வைக்கத்தக்கது.

1706 ஜூலை 9-ஆம் தேதி சீகன்பால்கும் புளூட்சோவும் தரங்கம்பாடியில் கரையிறங்கினார்கள். அவர்கள் கையில் அப்போது அச்சுப்பொறி இல்லை. சீகன்பால்க் எழுத்தர்களை அமர்த்தி, தம்முடைய பிரசங்கங்களையும் போதனைகளையும் பனையோலையில் பிரதி எடுக்கச் செய்தார். 1711-இல் புதிய ஏற்பாட்டின் மொழிபெயர்ப்பை முடித்தார். பின்னர் இங்கிலாந்திலிருந்து அச்சுப்பொறியும் ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து தமிழ் எழுத்துருக்களும் வந்து சேர்ந்தன. ஆனால் அந்த எழுத்துகள் மிகப் பெரியவை. புதிய ஏற்பாடு முழுவதையும் அவற்றால் அச்சிடக் காகிதம் போதாது. ஆகவே இங்கேயே சிறிய எழுத்துகளை வார்த்தார்கள். பொறையாற்றில் காகித ஆலை ஒன்றும் நிறுவப்பட்டது. 1715-இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு வெளிவந்தது. அதைத் தந்த சீகன்பால்க் 1719-இல், தம் 36-ஆம் வயதில் மரித்தார்.

காகிதத்துக்காக எழுத்தைச் சிறிதாக்கினார்கள் என்பதைச் சற்றே எண்ணிப் பாருங்கள். ஒரு வசனம் நம் கைக்கு வந்துசேர அவ்வளவு பிரயாசம் தேவைப்பட்டது.

புதுச்சேரியிலிருந்து ஓர் அச்சுப்பொறி

அடுத்த நிகழ்வு நமக்கு அண்டை ஊரான புதுச்சேரியோடு தொடர்புடையது. 1761-இல் ஆங்கிலேயப் படை புதுச்சேரியைப் பிரெஞ்சுக்காரரிடமிருந்து கைப்பற்றியபோது, அங்கிருந்த அச்சுப்பொறியும் படைத்தலைவர் அயர் கூட்டின் வசமாயிற்று. சென்னைக்குக் கொண்டு செல்லப்பட்ட அப்பொறி, வேப்பேரியில் ஊழியம் செய்துகொண்டிருந்த பெப்ரீஷியஸ் ஐயரின் பொறுப்பில் ஒப்படைக்கப்பட்டது. யுத்தத்தில் கைப்பற்றிய பொருள் சுவிசேஷத்தின் பணிக்கு வந்தது. பெப்ரீஷியஸ் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1772-இல் வெளிவந்தது. அவருடைய பழைய ஏற்பாட்டின் இறுதிப் பகுதி, 1791-இல் அவர் மரித்த பின்னரே அச்சில் நிறைவுற்றது. ஜெர்மன் ஞானப்பாட்டுகள் பலவற்றையும் தமிழில் தந்தவர் அவரே.

நம் ஆலயங்களில் இன்று வாசிக்கப்படும் திருப்புதல் இன்னும் நூறாண்டுகளுக்குப் பின் வந்தது. பல மிஷன்களைச் சேர்ந்த அறிஞர்கள் ஒன்றுகூடி, ஹென்றி பவர் ஐயரின் தலைமையில், தமிழ்ப் பண்டிதரின் துணையோடு அதைச் செய்தார்கள். புதிய ஏற்பாடு 1863-இல் வெளிவந்தது. முழு வேதாகமம் 1871-இல் நிறைவுற்றது. ஒருவர் எழுதியதை மற்றவர்கள் சோதித்தார்கள். கருத்து வேறுபட்ட இடங்களில் ஆலோசித்துத் தீர்த்தார்கள். ஆகவே பழைய திருப்புதலின் ஒவ்வொரு வசனமும் பல கண்கள் பார்த்து, பல செவிகள் கேட்டு, நம்மிடம் வந்தது.

நியூயார்க்கில் ஒரு சிறு புத்தகம்

1819-இல் நியூயார்க் நகரில் ஜான் ஸ்கடர் என்னும் இளம் மருத்துவர் ஒரு நோயாளியைப் பார்க்கச் சென்றார். காத்திருந்த அறையில் ஒரு சிறு புத்தகம் கிடந்தது. உலகத்தின் கோடிக்கணக்கான மக்களுக்குச் சுவிசேஷத்தை அறிவிக்க வேண்டிய கடமையைக் குறித்து, மும்பையில் ஊழியம் செய்த கோர்டன் ஹால், சாமுவேல் நியூவெல் என்னும் இரு மிஷனெரிகள் எழுதியது அது. அவர் அதை வாசித்தார். அவர் இருதயம் குத்தப்பட்டது. அதே ஆண்டில் மனைவி ஹாரியட்டோடு கப்பலேறினார். யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பில் பல ஆண்டுகள் மருத்துவமும் ஊழியமும் செய்து, 1836-இல் சென்னைக்கு வந்தார். ஊர் ஊராகச் சென்று சுவிசேஷப் பகுதிகளையும் கைப்பிரதிகளையும் மக்களிடம் கொடுத்தார். ஒரு கைப்பிரதியால் அழைக்கப்பட்டவர் கைப்பிரதியின் வல்லமையை அறிந்திருந்தார்.

அவருடைய குமாரர் எழுவர் மிஷனெரிகளாயினர். அவர்களில் ஹென்றி மார்ட்டின், வில்லியம், ஜோசப் ஆகியோர் 1853-இல் ஆற்காடு மிஷனை நிறுவினார்கள். ஆங்கிலக் கல்விக்கூடங்களைக் காட்டிலும் தமிழில் பிரசங்கிப்பதும் வேதப் பகுதிகளைக் கொடுப்பதுமே முதன்மை என்று அந்த மிஷன் தொடக்கத்தில் தீர்மானித்தது. கடைவீதியில் நின்று தமிழில் போதிக்கிறவர்களுக்கென்று ஹென்றி மார்ட்டின் ஸ்கடர் ஒரு தனி நூலே எழுதினார். வட ஆற்காட்டில் தொடங்கிய அந்தப் பணி தென்னார்க்காட்டுக்கும் வந்தபோது, திண்டிவனம் அதன் நிலையமாயிற்று. அதே காலத்தில் தென்னார்க்காட்டின் மற்றொரு பகுதியில், 1861-இல் கார்ல் ஓக்ஸ் மேல்பட்டாம்பாக்கத்தில் தொடங்கிய பணி டேனிஷ் மிஷனோடு இணைந்து, ஆற்காடு லுத்தரன் திருச்சபைக்கு வித்தாயிற்று. நம் வட்டாரத்துத் திருச்சபைகள் பலவற்றின் வேர் இந்த இரு பணிகளில் இருக்கிறது.

திண்டிவனத்து மிஷன் பங்களாவில்தான் ஜான் ஸ்கடரின் பேத்தி ஐடா ஸ்கடருக்கு அழைப்பு வந்தது. அமெரிக்காவில் கல்வி கற்றுவிட்டு, 1890-இல், நோயுற்ற தாய்க்குத் துணையாக அவர் இங்கு வந்திருந்தார். இந்தியாவில் தங்கும் எண்ணம் அவருக்கு இல்லை. ஓர் இரவில் மூன்று கணவர்கள், ஒருவர் பின் ஒருவராக, பிரசவ வேதனையிலிருந்த தங்கள் மனைவியருக்காக உதவி கேட்டு வந்தார்கள். அவர்களில் ஒருவர் பிராமணர், ஒருவர் இஸ்லாமியர். ஐடாவின் தந்தை மருத்துவராயிருந்தும், ஆண் மருத்துவர் தங்கள் மனைவியரைப் பார்ப்பதை அவர்கள் ஏற்கவில்லை. விடிவதற்குள் மூன்று பெண்களும் மரித்தார்கள். அந்த இரவின் ஜெபத்தில் ஐடா தம் வாழ்க்கையை ஒப்புக்கொடுத்தார். 1899-இல் மருத்துவப் பட்டம் பெற்று, 1900-இல் திரும்பி வந்தார். வேலூரில் 1902-இல் மருத்துவமனையும், 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியும் எழுந்தன.

பாட்டனாரை அழைத்தது ஒரு காத்திருப்பு அறையில் கிடந்த சிறு புத்தகம். பேத்தியை அழைத்தது கதவைத் தட்டிய மனிதர்களின் குரல். இருவரும் கேட்டதற்குக் கீழ்ப்படிந்தார்கள். அந்தப் புத்தகத்தை எத்தனையோ பேர் வாசித்திருக்கலாம். வாசித்தவர்களில் ஒருவர் எழுந்து புறப்பட்டதன் பலனையே நாம் இன்று அனுபவிக்கிறோம்.

எழுத்தறியாத வீடுகளில்

நம் கிராமங்களில் முதன்முதலாகத் திருமுழுக்குப் பெற்றவர்களில் பெரும்பாலோர் எழுத்தறியாதவர்கள். கல்வி மறுக்கப்பட்ட சேரிகளிலும் களத்துமேட்டிலும் வாழ்ந்தவர்கள் அநேகர். அச்சிட்ட வேதாகமம் அவர்களுக்கு எப்படிப் பயன்பட்டது? உபதேசியார் சத்தமாய் வாசித்தார். வேலை முடித்து வந்தவர்கள் விளக்கொளியில் அமர்ந்து கேட்டார்கள். வேதஸ்திரீகள் வீடு வீடாகச் சென்று, வெளியே வர இயலாத பெண்களுக்கு வாசித்துக் காட்டினார்கள். கேட்டவர்கள் வசனங்களை மனப்பாடம் செய்தார்கள், கீர்த்தனைகளாகப் பாடினார்கள். பள்ளிக்குச் சென்ற பிள்ளை, எழுத்தறியாத பாட்டிக்கு வாசித்துக் காட்டியது.

இதுவே வேதம் காட்டுகிற முறை. வெளிப்படுத்தின விசேஷத்தின் மூன்றாம் வசனத்தைக் கவனியுங்கள். அங்கே வாசிக்கிறவர் ஒருமையில் இருக்கிறார். கேட்டுக் கைக்கொள்ளுகிறவர்கள் பன்மையில் இருக்கிறார்கள். ஆதிச் சபையில் சுருள் ஒன்று, அதை வாசிக்கிறவர் ஒருவர், சூழ்ந்திருந்து கேட்கிறவர்கள் அநேகர். எத்தியோப்பிய மந்திரி செல்வந்தர். சுருளைச் சொந்தமாக வைத்திருந்தார், அதை வாசிக்கவும் அறிந்திருந்தார். ஆனாலும் ஒருவர் வழிகாட்டாமல் தமக்கு எப்படி விளங்கும் என்றே அவர் கேட்டார். பிலிப்பு ரதத்தில் ஏறி அருகில் உட்கார்ந்த பிறகே வாசிப்பு விசுவாசமாயிற்று, விசுவாசம் ஞானஸ்நானத்துக்கு நடத்தியது.

வானொலி வந்தபோதும் இம்முறை மாறவில்லை. 1970 முதல் சீஷெல்ஸ் தீவிலிருந்து ஒலிபரப்பிய பெபா வானொலியின் தமிழ் நிகழ்ச்சிகளைக் கேட்டவர்கள் இன்னும் நம் சபைகளில் இருக்கிறார்கள். தெருவில் ஒரு வீட்டில்தான் வானொலிப் பெட்டி இருக்கும். அக்கம்பக்கத்தார் அங்கே கூடுவார்கள்.

அலைபேசி வந்தபோதுதான் முதன்முறையாக இந்த முறை மாறியது. ஒரு வீட்டில் நால்வர் இருந்தால் திரையும் நான்கு. தந்தை ஒரு பிரசங்கத்தையும் மகள் ஒரு பாடலையும் காதுக்கருவியில் கேட்கிறார்கள். எழுத்தறியாத பாட்டியோ தனித்து அமர்ந்திருக்கிறார். வேதம் வீட்டில் இருக்கிறது. அதைச் சத்தமாய் வாசிக்கிற குரல்தான் இல்லை. நாம் இழந்தது இதுவே.

நம் கையிலிருக்கும் ஈவு

ஆயினும் இக்கருவியை வெறுக்க வேண்டியதில்லை. புதுச்சேரியின் அச்சுப்பொறி சுவிசேஷத்துக்குப் பயன்பட்டதுபோல, இதுவும் பயன்படக்கூடும். 2008-இல் வெளிவந்த யூவெர்ஷன் வேதாகமச் செயலி இலவசமாகவே கிடைக்கிறது. தமிழ் வேதாகமம் ஒலிவடிவிலும் இணையத்தில் கிடைக்கிறது. கிருஷ்ண பிள்ளை 1894-இல் வெளியிட்ட ‘இரட்சணிய யாத்திரிகம்’, வீரமாமுனிவரின் ‘தேம்பாவணி’ போன்ற அரிய நூல்களையும் இன்று விலையின்றி இணையத்தில் வாசிக்கலாம். ஒரு காலத்தில் இவை இறையியல் கல்லூரி நூலகங்களில் மட்டுமே காணக்கிடைத்தவை.

இவற்றைப் பயன்படுத்த மூன்று ஆலோசனைகளைச் சொல்ல விரும்புகிறேன்.

முதலாவது, சத்தமாய் வாசியுங்கள். நாளுக்கு ஓர் அதிகாரம் போதும். வீட்டில் ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்கட்டும். பிள்ளைகள் முறைவைத்து வாசிக்கட்டும். அந்தப் பத்து நிமிடங்களுக்கு மற்ற அலைபேசிகள் ஓய்ந்திருக்கட்டும்.

இரண்டாவது, வாசிக்க இயலாதவர்களை நினைத்துக்கொள்ளுங்கள். 2011 கணக்கெடுப்பின்படி விழுப்புரம் மாவட்டத்தின் எழுத்தறிவு ஏறக்குறைய 72 விழுக்காடு. நம் சபைகளிலும் எழுத்தறியாத தாய்மார்களும் பார்வை மங்கிய முதியோரும் உண்டு. வாலிபர்களே, அவர்களுடைய அலைபேசியில் ஒலி வேதாகமத்தை அமைத்துக் கொடுங்கள். அத்தோடு வந்துவிடாமல், வாரம் ஒருமுறை அருகில் அமர்ந்து, கேட்டதைக் குறித்துப் பேசுங்கள். அன்றைய வேதஸ்திரீயின் ஊழியம் இன்று உங்களுடையது.

மூன்றாவது, சோதித்துப் பாருங்கள். பவர் ஐயரின் குழுவினர் ஒரு வசனத்தைப் பலமுறை சோதித்து நமக்குத் தந்தார்கள். இன்றோ யாரும் எதையும் எழுதி, வேத வசனம் என்று நூறு பேருக்கு அனுப்பிவிடலாம். பெரோயா பட்டணத்தார் பவுலின் போதனையையே வேதவாக்கியங்களைக் கொண்டு ஆராய்ந்தார்கள் என்று அப்போஸ்தலர் 17-ஆம் அதிகாரத்தில் காண்கிறோம். வாட்ஸ்அப்பில் ஒரு வசனம் வந்தால், அனுப்பும் முன் வேதாகமத்தைத் திறந்து அந்த அதிகாரம் முழுவதையும் வாசியுங்கள். ஒரு போதகர் காணொளியில் பேசினால், அவர் எந்தச் சபைக்குக் கணக்கொப்புவிக்கிறவர் என்று கேளுங்கள். ஆசீர்வாதத்துக்கு விலை குறிக்கிறவர்களை விட்டு விலகுங்கள்.

அன்பானவர்களே, ஓலையும் அச்சும் வானொலியும் தத்தம் காலத்தில் தம் வேலையைச் செய்தன. ஒவ்வொரு காலத்திலும் அவற்றை உயிருள்ளதாக்கியவர்கள் அருகில் அமர்ந்து வாசித்தவர்களும், கேட்டுக் கீழ்ப்படிந்தவர்களுமே. இன்று மாலை உங்கள் வீட்டில் வாசிக்கிறவர் யார்? கேட்க அழைக்கப்பட வேண்டியவர் யார்?

ஜெபம்: பரம பிதாவே, எங்கள் முன்னோர் பிரயாசப்பட்டுத் தந்த உமது வார்த்தைக்காக ஸ்தோத்திரம். எங்கள் வீடுகளில் அது மறுபடியும் சத்தமாய் ஒலிக்கச் செய்தருளும். கேட்கிற செவியையும், அயலார் கதவைத் தட்டும்போது எழுந்திருக்கும் மனதையும் எங்களுக்குத் தாரும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் வேண்டுகிறோம். ஆமென்.