கந்தலில் வாழ்ந்த நகரம்

இங்கிலாந்தின் வடபகுதியில், யார்க்ஷயர் பிரதேசத்தில் அருகருகே அமைந்த பாட்லி, டியூஸ்பரி என்னும் இரண்டு ஊர்கள், ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக, உலகம் கழித்தெறிந்த கம்பளிக் கந்தல்களைக் கொண்டே ஜீவனம் நடத்தின. நெப்போலியனோடு நடந்த யுத்தங்களால் கம்பளி அருமைப்பட்டிருந்த 1813-ஆம் ஆண்டில், பாட்லிவாசியான பெஞ்சமின் லா என்பவர், பழைய கம்பளித் துணியைப் பிய்த்து மீண்டும் இழையாக்கி, புதுக் கம்பளியோடு கலந்து நூற்கும் உபாயத்தைக் கண்டார். குதிரைச் சேணத்துக்குள் கந்தல் திணிக்கப்படுவதைப் பார்த்தபோது அந்த யோசனை அவருக்கு உதித்தது என்று ஒரு கதை வழங்குகிறது. அவ்விதம் பிறந்த கம்பளிக்கு 'ஷாடி' என்று பெயர்.

ரயில் வந்த பின்னர், ஜெர்மனி, டென்மார்க் முதலிய தேசங்களிலிருந்தும் கந்தல் மூட்டைகள் அவ்வூர்களுக்கு வந்து குவிந்தன. ரயில் நிலையங்களிலேயே அவை ஏலம் விடப்பட்டன. மூட்டையைப் பிரித்துத் தரம் பார்க்கும் பணி பெரும்பாலும் பெண்களுடையது. பொத்தானையும் தையலையும் உள்துணியையும் நீக்கி, ஒவ்வொரு துண்டையும் விரலால் தடவிப் பார்த்து, மென்மைக்கு ஒரு குவியலும் நிறத்துக்கு ஒரு குவியலுமாக அவர்கள் பிரித்து வைத்த அந்தச் சாமர்த்தியமே இத்தொழிலின் உயிர்நிலை என்பது என் அபிப்பிராயம். ஏனெனில் நீலம் நீலத்தோடும் கருமை கருமையோடும் சேர்ந்துவிட்டால், அந்த இழைக்கு மறுபடி சாயம் ஏற்றுவது பெரும்பாலும் அவசியமில்லாமற் போகும். பிரித்தவற்றைப் பற்கள் நிறைந்த உருளை ஒன்று கிழித்துப் பஞ்சாக்கும். தொழிலாளர் அதற்கு இட்ட பெயர் 'பிசாசு'. பருத்தி கலந்த துணியாயின், அதை அமிலத்தால் பக்குவப்படுத்திச் சூடேற்றினால், பருத்தி கருகித் தூளாய் உதிரக் கம்பளி மாத்திரம் எஞ்சும்.

நூலாவதற்கும் உதவாத தூசும் துணுக்கும் வயலுக்குச் சென்றன. கம்பளியில் நைட்ரஜன் மிகுதி. மண்ணில் அது மெல்ல மெல்ல மக்கிப் பயிருக்கு நெடுநாள் உணவளிக்கும். அருகிலுள்ள வேக்ஃபீல்டு என்னும் ஊரைச் சுற்றியுள்ள உழவர்கள் ரூபார்ப் என்னும் புளிப்புத் தண்டுச் செடியை இவ்வெருவிட்டு வளர்த்து, பின்னர் இருட்டுக் கொட்டகைக்கு மாற்றி, மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் அறுவடை செய்தார்கள். ஆட்டின் முதுகில் விளைந்தது ஒருவனுடைய மேலங்கியாகி, மற்றொருவனுடைய போர்வையாகி, முடிவில் மண்ணுக்கே திரும்பிய இந்தச் சுழற்சியை நினைக்க நினைக்க என் மனம் நெகிழ்கிறது. பழையதிலிருந்து கிடைத்த கம்பளியின் அளவுக்குப் புதுக் கம்பளியின் தேவை குறைந்தது. அதற்கான மேய்ச்சல் நிலமும், கம்பளியின் கொழுப்பைக் கழுவிப் போக்கும் நீரும் மிச்சமாயின.

ஆயினும் அந்தப் பிரதேசத்தைப் புண்ணிய பூமியாக வர்ணிப்பது நியாயமாகாது. பிசாசு கக்கிய தூசு தொழிலாளரின் சுவாசத்தைப் பாழாக்கியது. சாயப் பட்டறைகளும் ஊர்ச் சாக்கடைகளும் சேர்ந்து அங்கே ஓடும் கால்டர் நதியை எவ்வளவு கறுக்கச் செய்தன என்றால், நதிகளின் அசுத்தத்தை ஆராய்ந்த அரசாங்கக் குழு 1867-இல் வெளியிட்ட அறிக்கையில், அந்த நீரையே மையாகக் கொண்டு எழுதிய ஒரு குறிப்பு இடம்பெற்றது.

1861-இல் மூண்ட அமெரிக்க உள்நாட்டு யுத்தத்தில், பேராசை பிடித்த ஒப்பந்தக்காரர்கள் மட்டமான ஷாடித் துணியில் சிப்பாய்களுக்கு உடை தைத்துக் கொடுக்க, அவை சீக்கிரமே நைந்துபோயின. அந்த அவப்பெயரால், மட்டமான எதற்கும் ஷாடி என்பதே ஆங்கிலத்தில் வசைச்சொல்லாக நிலைத்தது. அக்குற்றம் ஒப்பந்தக்காரர்களுடையதேயன்றி, கந்தலுக்கு மறுபிறவி தந்த அந்தப் பெண்களின் கைகளுடையதன்று. பாட்லியின் ஆலைகள் ஓய்ந்துவிட்டன. மேனாடுகள் கழிக்கும் கம்பளி உடைகள் இன்று நம் ஹரியானாவின் பானிபட் நகருக்கு வந்து, நிறவாரியாகப் பிரிக்கப்பட்டு, போர்வைகளாகின்றன. அங்கும் மூட்டைகளைப் பிரிப்பவர்களில் பெரும்பாலோர் பெண்களே.